கைப்பிடி வைத்த ஒரு படித்துறை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன மாதம் தங்கள் ஞாயிறு இணைப்பில் முதியோர் உடல்நலம் பற்றி ஒரு கட்டுரை வந்தது. எந்த நல்ல பழக்கமானாலும் 21 நாள் விடாமல் செய்தால் படிந்துவிடும் என்று அதில் இருந்தது. அதைப் படித்துவிட்டு எங்கள் தெருவில் இரண்டு பேர் காலையில் நடக்க ஆரம்பித்தார்கள். ஒருவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், இன்னொருவர் நெல் வியாபாரம் பார்த்தவர். நாலாவது வாரம் இருவரையும் ஆற்றங்கரைப் பக்கம் காணோம். "21 நாள் தாண்டிருச்சும்மா. இன்னும் காலையில எந்திரிக்கவே மலைப்பா இருக்கு. நமக்கெல்லாம் இது வராது போல" என்றார் தலைமையாசிரியர். அதைக் கேட்ட அன்றைக்குத்தான் இப்படி ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று தோன்றியது.

நான் 31 வருடம் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து 2017-ல் ஓய்வு பெற்றவள். பாபநாசம் வட்டத்தில், குடமுருட்டிக் கரையில், பிறந்த ஊரிலேயே இருக்கிறேன். வயது 66. தடுப்பூசியும் பிரசவமும் பார்த்த கைக்கு இப்போது அக்கம்பக்கத்துப் பெரியவர்களின் பிரஷரும் சர்க்கரையும்தான் வேலை. பழக்கத்தைப் பற்றிப் பேசி, எங்கள் ஊர்ப் படித்துறைக்கான ஒரு கோரிக்கையில் முடிக்கப் போகிறேன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

21 நாள் கணக்கைச் சொன்னவர் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன். முகத்தைத் திருத்திக்கொண்டவர்கள் கண்ணாடியில் தெரியும் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று, தன் நோயாளிகளைப் பார்த்து 1960-ல் எழுதினார். 'குறைந்தது' என்ற சொல் போகப் போக உதிர்ந்துவிட்டது. பழக்கம் படிவதை நேராக அளந்து பார்த்தவர்கள் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் பிலிப்பா லாலியும் அவரோடு வேலை செய்தவர்களும். 96 பேர், 12 வாரம். ஆளுக்கு ஒரு காரியம். அதைக் 'காலைச் சாப்பாடு முடிந்ததும்' என்பதுபோல அன்றாடம் நடக்கிற ஒன்றோடு முடிச்சுப் போட்டுக்கொள்ள வேண்டும். 2009-ல் அந்த ஆய்வு வெளிவந்தது. யோசிக்காமல் தானாகச் செய்கிற நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள். சிலருக்கு 18 நாளில் வந்தது. சிலருக்கு 254 நாள் ஆகும் என்று கணக்கு காட்டியது. தண்ணீர் குடிப்பது போன்றவை சீக்கிரம் படிந்தன, உடற்பயிற்சிக்கு நாள் கூடுதலாகப் பிடித்தது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் பெரிய சேதமில்லை என்பதையும் கண்டார்கள்.

தலைமையாசிரியரிடம் இதை நான் நம் ஊர்க் கணக்கில் சொன்னேன். "சார், 21 நாள்ங்கிறது குறுவை நாத்தைப் பறிச்சு நடுற வயசு. நட்ட பிறகுதானே பயிர்? நீங்க நாத்தங்கால்லயே விட்டுட்டுப் போறீங்களே." மறுநாள் வந்தார். இதை எழுதும்போது அவருக்கு 41-ஆம் நாள்.

இனி என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழக்கம் என்பது மூளையில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று நான் புத்தகத்தில் படித்ததைவிட அவரைப் பார்த்துப் புரிந்துகொண்டதுதான் அதிகம்.

அம்மா நடவாள். 12 வயதில் நடவு வயலில் இறங்கியவர், 60 தாண்டித்தான் கரையேறினார். விடிகாலை நாலரைக்கு வாசல் கதவின் தாழ்ப்பாள் சத்தம் கேட்டால் அம்மா எழுந்தாயிற்று என்று அர்த்தம். சாணித் தண்ணி தெளித்து, கூட்டி, ஏழு புள்ளி வைத்து ஒரு சிக்குக் கோலம். பிறகு இடுப்பில் குடத்தோடு படித்துறை. தெருக்கோடியில் புங்கமரம், அதில் இடப்பக்கம் திரும்பினால் ஆற்றங்கரை, 14 படி. முகம் கழுவி, குடத்தில் மொண்டு, கிழக்கே பார்த்துத் திருநீறு பூசிக்கொண்டு திரும்புவார். வீட்டில் குழாய் வந்த பிறகும் இது நிற்கவில்லை.

79 வயதில் மறதி தொடங்கியது. அப்பா இறந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. "அப்பாவுக்குச் சோறு வச்சியா பாப்பா?" என்று கேட்பார். தஞ்சாவூரில் டாக்டர் ஸ்கேன் பார்த்துவிட்டு மறதி நோய் என்றார். செவிலியரான எனக்கே அந்தச் சொல்லைக் கேட்டதும் அம்மாவை இனி வாசலைத் தாண்ட விடக் கூடாது என்றுதான் தோன்றியது. ஆனால் அவர் போய்க்கொண்டேதான் இருந்தார். நான் பத்தடி பின்னால் போவேன். புங்கமரத்தில் கால் தானாகத் திரும்பும். 14 படியும் இறங்குவார், ஏறுவார், நம் வீட்டு வாசலில் வந்து நிற்பார்.

ஒரு நாள் சாயங்காலம் நடுத்தெருவில் நிறுத்தி, "அம்மா, நம்ம வீடு எதும்மா?" என்று கேட்டுப் பார்த்தேன். இரண்டு பக்கமும் பார்த்தார். "தெரியலியே பாப்பா" என்றார். மறுநாள் காலை அதே தெருவில் குடத்தோடு ஒரு இடத்தில்கூடத் தயங்காமல் வீடு வந்து சேர்ந்தார்.

இதே போல ஒருவரை அமெரிக்காவில் சான் டியாகோ நகரில் லாரி ஸ்குவயர் என்ற விஞ்ஞானி பல வருடம் கவனித்திருக்கிறார். ஆய்வுகளில் அவர் பெயர் 'இ.பி.' என்ற இரண்டு எழுத்துதான். 1992-ல், 70 வயதில், மூளைக்காய்ச்சல் வந்து ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி அவருக்கு அழிந்துபோனது. காதுக்கு நேர் உள்ளே இரண்டு பக்கமும் இருக்கிற அந்தப் பகுதிதான் இன்று நடந்ததை நாளைக்கு ஞாபகம் வைக்கிறது. அது போன பிறகு அவர் புது இடத்துக்குக் குடிபோனார். மனைவி தினமும் அதே பாதையில் நடக்க அழைத்துப் போனார். கொஞ்ச நாளில் அவர் தனியாகவே அந்தச் சுற்றைப் போய்த் திரும்பினார். அந்தப் பகுதியின் வரைபடம் போடச் சொன்னால் அவரால் முடியாது. ஆக, ஞாபகத்துக்கு ஒரு இடம், பழக்கத்துக்கு வேறு இடம். பழக்கம் படிவது மூளையின் அடியாழத்தில் இருக்கிற பேசல் கேங்லியா என்ற கொத்தில். மறதி நோய் முதலில் கைவைப்பது ஹிப்போகாம்பஸ் பக்கத்தில். அடியாழம் அதைவிட நெடுநாள் தாக்குப்பிடிக்கிறது.

இதற்கு நேர்மாறானது பார்க்கின்சன் நோய். அதில் கெடுவது அந்த அடியாழத்துக்கு டோபமைன் என்ற ரசாயனத்தை அனுப்புகிற செல்கள். எங்கள் தெருவில் ஒரு பெரியவருக்கு அது இருக்கிறது. பேச்சில் தெளிவு உண்டு, பழங்கதையெல்லாம் சொல்வார். ஆனால் நிலைப்படிக்கு வந்தால் கால் ஒட்டிக்கொண்டது போல நின்றுவிடும். நடை அவருக்கு இப்போது தானாக வருகிற காரியம் இல்லை. அவர் மருமகள் தரையில் வெள்ளைக் கோடு வரிசையாகப் போட்டு வைத்திருக்கிறார். அதைப் பார்த்துக் கோட்டைத் தாண்டுகிறேன் என்று நினைத்துக் காலை எடுத்தால் கால் வருகிறது. டாக்டர்களும் சொல்லித் தருகிற முறைதான் இது.

அம்மாவின் கோலத்தில் இன்னொன்று பார்த்தேன். புள்ளி வைத்து மாவைக் கிள்ளி இழுக்க ஆரம்பித்தால் அந்தக் கோடு எங்கும் நிற்காது. சுற்றிச் சுற்றி வந்து ஆரம்பித்த இடத்தில் முடியும். நடுவில் யாராவது "ஆத்தா, எத்தனை புள்ளி?" என்று கேட்டுவிட்டால் போச்சு. கை நின்றுவிடும். விட்ட இடத்திலிருந்து தொடர வராது. முழங்கையால் துடைத்துவிட்டு முதல் புள்ளியிலிருந்து திரும்ப ஆரம்பிப்பார், அப்போது வரும். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஆன் கிரேபியல் என்ற அம்மையார் எலிகளைக் கிளை பிரிகிற ஒரு பாதையில் ஓடவிட்டு இதைத்தான் அளந்திருக்கிறார். புதிதில் எலி ஓடும்போது பேசல் கேங்லியாவின் செல்கள் வழி நெடுக வேலை செய்கின்றன. பாதை பழகிய பிறகு ஓட்டத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் பலமாகத் துடிக்கின்றன, நடுவில் அடங்கிவிடுகின்றன. பல அசைவுகள் சேர்ந்து ஒரே பொட்டலமாகக் கட்டப்பட்டு விடுகின்றன. பொட்டலத்தின் முடிச்சு முதல் புள்ளியில் இருக்கிறது. அதனால்தான் அம்மாவுக்கு நடுவிலிருந்து கோலம் வரவில்லை.

பங்குனி, சித்திரையில் ஆறு வெறும் மணலாகக் கிடக்கும். அப்போதும் அம்மா போவார். 14 படி இறங்கி, மணலைப் பார்த்து நின்று, வெறுங்குடத்தோடு திரும்புவார். பார்க்கிறவர்கள் பரிதாபப்பட்டார்கள். கேம்பிரிட்ஜைச் சேர்ந்த அந்தோணி டிக்கின்சன் என்ற உளவியல் விஞ்ஞானி 1985-ல் எழுதியதைப் படித்தபோது எனக்கு அந்த வெறுங்குடம்தான் நினைவுக்கு வந்தது. நெடுநாள் பழகிய எலி, கிடைக்கிற தீனி அதற்குப் பிடிக்காமல் போன பிறகும் விசையை அழுத்திக்கொண்டுதான் இருக்கும். பலனை எதிர்பார்த்துச் செய்கிற காரியம் ஒரு கட்டத்தில் நேரத்தையும் இடத்தையும் பார்த்த மாத்திரத்தில் நடக்கிற காரியமாகிவிடுகிறது. நாலரை மணி, தாழ்ப்பாள், புங்கமரம், இவை போதும். தண்ணீர் தேவையில்லை. டீக்கடையைப் பார்த்ததும் பீடிக்குக் கை போவதும் இதே வழியில்தான். பீடியை விட்டவர்களிடம் ஆறு மாதத்துக்கு வேறு கடையில் டீ குடிக்கச் சொல்வேன், அதில் பலன் கண்டிருக்கிறேன்.

2018 தை மாதம் என் கண் அறுவைச் சிகிச்சைக்காகத் தம்பி அம்மாவைச் சென்னைக்கு அழைத்துப் போனான். "அக்கா, நீ கண்ணைப் பாத்துக்க, அம்மா எங்ககூட கொஞ்ச நாள் இருக்கட்டும்" என்றான். தம்பியும் அவன் மனைவியும் பார்த்துக்கொண்டதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் அது மூன்றாவது மாடி. கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும், தாழ்ப்பாள் கிடையாது. அம்மா நாலரைக்கு எழுந்து கதவின் மேல் கையைத் தடவித் தடவித் தாழ்ப்பாளைத் தேடியிருக்கிறார். வாசலில் கோலம் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அதன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மாவில்லாத விரலால் அந்தப் பிளாஸ்டிக் கோடுகளின் மேல் இழுத்துக்கொண்டிருந்தார் என்று தம்பி மனைவி போனில் சொல்லி அழுதாள். ஒரு வேலையும் செய்ய விடவில்லை. "நீங்க சும்மா உட்காருங்கத்தை" என்பதுதான் நாள் முழுக்க. ஆறு மாதத்தில் குளிக்கவும் ஒருவர் துணை வேண்டும் என்றாகிவிட்டது.

சான் டியாகோக்காரருக்குப் புது இடத்திலும் பழக்கம் படிந்ததே, அம்மாவுக்கு ஏன் படியவில்லை என்று பல நாள் யோசித்தேன். அவருக்கு அதே நேரம், அதே பாதை, அதே துணை தினமும் கிடைத்தது. அம்மாவுக்கு ஒரு நாள் பேரன், ஒரு நாள் வேலைக்காரப் பெண், ஒரு நாள் டிவி. எதைத் தொடர்ந்து எது வரும் என்று மூளை பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. அதை முன்கூட்டியே தம்பிக்குச் சொல்லியிருக்க வேண்டியவள் நான். சொல்லவில்லை.

ஆடிப்பெருக்குக்கு முந்தின வாரம் அழைத்து வந்தோம். அந்த வருடம் ஆறு கரை தொட்டு ஓடியது. வந்த மறுநாள் காலை தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. நான் எழுந்து இருட்டில் நின்று பார்த்தேன். சாணித் தண்ணி கரைத்துத் தெளித்தார். கோலம் போட்டார், கடைசி வளைவு மூடவில்லை. ஆவணி முதல் வாரத்தில் மூடியது. படித்துறைக்குக் கையைப் பிடித்துக்கொண்டு போனோம். கிரேபியலின் எலிகளிலும் தீனியை நிறுத்தியபோது பழைய துடிப்பு மங்கியது, திரும்பக் கொடுத்ததும் சட்டென்று அப்படியே வந்தது. படிந்தது அழியவில்லை, அடியில் கிடந்தது. ஆனால் தானாகக் குளிப்பது திரும்பவேயில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். பழக்கம் மறதி நோயைக் குணப்படுத்தாது. 2020 மாசியில் அம்மா காலமானார். அதற்கு முந்தின கார்த்திகை வரை வாசலில் கோலம் இருந்தது.

வீட்டில் பெரியவர்களை வைத்திருக்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: பூத்தொடுப்பது, புளி கொட்டை எடுப்பது, முருங்கைக் கீரை உருவுவது, பசுவுக்குக் கழுநீர் வைப்பது என்று அவர்கள் கையில் என்ன இருக்கிறதோ அதைப் பிடுங்காதீர்கள். வேறு ஊருக்கு அழைத்துப் போக வேண்டி வந்தால் அவர்களுடைய ஒரு நாளில் எதற்குப் பின் எது என்று எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். மாத்திரை டப்பாவை எடுத்துக்கொண்டு போகிறோமே, அதைப் போல.

மாத்திரை என்றதும் ஒன்று. 2021-லிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரை வீடு தேடி வருகிறது. மிக நல்ல காரியம். ஆனால் பீரோவுக்குள் பத்திரமாக இருக்கிற மாத்திரை பிரஷரைக் குறைக்காது. "மறந்துட்டேன் நர்ஸம்மா" என்ற பதிலை 31 வருடம் கேட்டிருக்கிறேன். நான் கேட்பது, "காலையில நீங்க என்னைக்குமே மறக்காத காரியம் எது?" ஒரு பாட்டி விளக்கு ஏற்றுவது என்றார். மாத்திரை விளக்கு மாடத்துக்குப் போனது. ஒரு தாத்தா காபி என்றார், காபிப்பொடி டப்பாவின் மேல் வைக்கச் சொன்னேன். அது முடிந்ததும் இது என்று கட்டிவிட்டால் மறதிக்கு இடம் குறைகிறது. மாத்திரை கொண்டு வருகிற தன்னார்வலர்கள் இந்த ஒரு கேள்வியையும் கேட்டுவிட்டு வரலாம்.

இந்தியாவில் 60 வயது தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருப்பதாக ஒரு பெரிய ஆய்வு சொல்கிறது. லான்செட் என்ற மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024-ல் சொன்ன 14 காரணங்களைச் சரிசெய்தால், உலகில் இந்நோயில் ஏறக்குறைய 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்புண்டு. பிரஷர், சர்க்கரை, காது மந்தம், கண் மங்கல், தனிமை, நடமாட்டம் இல்லாமை எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. நடை பற்றி இன்னும் ஒன்று: அமெரிக்காவில் கிர்க் எரிக்சன் குழுவினர் 55 முதல் 80 வயது வரையிலான 120 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை வாரம் 3 நாள், ஒரு நாளைக்கு 40 நிமிடம் நடக்க வைத்தார்கள். ஒரு வருடத்தில் அவர்களுடைய ஹிப்போகாம்பஸ் 2 சதவீதம் வளர்ந்திருந்தது. நடக்காமல் உடம்பை வளைத்து நீட்டுகிற பயிற்சி மட்டும் செய்த மற்ற பாதிக்கு அது சுருங்கியிருந்தது. 2011-ல் வந்த ஆய்வு. 10,000 அடி நடக்க வேண்டும் என்று யாரும் மலைக்க வேண்டாம். அது 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு அடி அளக்கும் கருவியின் பெயரிலிருந்து வந்த எண். வயதான பெண்களிடம் நடத்திய ஒரு ஆய்வில் 4,400 அடியிலேயே நல்ல பலன் தெரிந்தது. எங்கள் தெருவிலிருந்து படித்துறைக்குப் போய், கரையோடு மதகு வரை நடந்து திரும்பினால் ஏறக்குறைய அவ்வளவு வரும்.

அந்தப் படித்துறைதான் இப்போது இல்லை. 2021 ஐப்பசி, கார்த்திகை மழையில் படிகள் சரிந்தன. பிறகு பழுது பார்த்தார்கள். கரைக்குக் கான்கிரீட் சுவர் நன்றாகவே கட்டினார்கள், பாராட்டுகிறேன். ஆனால் 14 படி இருந்த இடத்தில் இப்போது ஐந்துதான், ஒவ்வொன்றும் முழங்கால் உயரம். பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது. முன்பு விடியற்காலையில் 11 பேர் இறங்குவோம், எல்லோரும் 60 தாண்டியவர்கள். குளிப்பதைவிட அங்கே நடக்கிற பேச்சுத்தான் பெரிது. யாருக்குப் பிரஷர் ஏறியிருக்கிறது, யார் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்பதெல்லாம் எனக்குப் படித்துறையில்தான் தெரியவரும். இப்போது வருவது நானும் இன்னொரு அம்மாவும். ஒருவர் அந்தப் படியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து படுத்திருக்கிறார். மற்றவர்கள் வீட்டுக் குழாயடியோடு நின்றுவிட்டார்கள். அவர்களுக்குக் காலையில் வெளியே வரக் காரணம் இல்லாமல் போய்விட்டது. இரண்டு முறை மனு கொடுத்தேன், ரசீது இருக்கிறது.

ஊர் ஊராக நடைபாதைப் பூங்கா அமைப்பது நல்லதுதான். எங்கள் பக்கத்துக் கிழவிகள் ஷூ போட்டுக்கொண்டு பூங்காவைச் சுற்ற மாட்டார்கள். 50 வருடமாகக் கால் பழகிய வழி ஆற்றுக்குப் போகிற வழி. புதிதாக ஒன்றைப் படிய வைக்க 66 நாளோ 254 நாளோ ஆகும், படிந்து கிடப்பதைக் காப்பாற்ற ஆறு மூட்டை சிமெண்டும் ஒரு இரும்புக் குழாயும் போதும்.

வருடா வருடம் மேட்டூர் திறப்பதற்கு முன், சித்திரை வைகாசியில் தூர் வார ஆட்களும் இயந்திரமும் வருகின்றன. அதே சமயத்தில், ஆறு காய்ந்திருக்கும்போதே, டெல்டாவில் சரிந்து கிடக்கும் படித்துறைகளையும் ஒரு கணக்கெடுத்துக் கட்டிவிட வேண்டும் என்று பொறுப்பில் உள்ளவர்களைத் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். படிக்குப் படி அரை அடி உயரம், கால் முழுதாக ஊன்ற அகலம், ஒரு பக்கமாவது இடுப்பு உயரத்தில் கைப்பிடி. எங்கள் ஊரில் பழைய படிக்கல் நாலு இன்னும் அரசமரத்தடியில் கிடக்கிறது, அதன் உயரத்தையே அளந்துகொள்ளலாம். அளவெடுக்க யார் வந்தாலும் சரி, காலை ஆறு மணிக்கு நான் அங்கேதான் இருப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
குடமுருட்டிக் கரை, பாபநாசம் வட்டம்,
தஞ்சாவூர் மாவட்டம்.